சட்டி சுடறது

"கொஞ்சம் தள்ளிப் பிடிடா. மூக்குல வந்து இடிக்கறது" என்றாள் ருக்மிணி.

கிட்டு கைப்பேசியைப் பின்னுக்கு இழுத்தான். வெளிச்சம் கண்ணைக் கூசுகிறதோ என்று குறைத்தான். குறைத்ததும் திரையில் ஒன்றும் தெரியவில்லை. மறுபடி கூட்டினான். பகல் நேரத்துக்கு அமர்த்தியிருந்த மாலன்பாய், இரண்டு தலையணைகளை அடுக்கி அக்காவைச் சாய்த்து உட்காரவைத்திருந்தாள். அக்காவின் தோள் பட்ட இடத்தில் தலையணையில் ஒரு பள்ளம்கூட விழவில்லை.

"இப்போ தெரியறதாக்கா?"

"என்னமோ பூச்சி பறக்கற மாதிரி இருக்கு."

"பழைய டேப். யாரோ ஆத்துல ரெக்கார்ட் பண்ணி வச்சிருந்ததை இப்போ ஏத்தியிருக்கா. அப்படித்தான் இருக்கும்."

"நாம பாத்தப்பவும் பூச்சியாத்தான் இருந்தது" என்றாள் ருக்மிணி. வாய் ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை காலை. கீழே பூனா ராஸ்தா பேட்டின் சந்தில் காய்கறி வண்டிக்காரன் கொத்தமல்லிக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தான். சமையலறையில் மனைவி லலிதா கஞ்சியை வடிகட்டுகிற சத்தம். ஆஸ்பத்திரியில் இனி செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள் என்று சொல்லிவிட்ட பிறகு, கிட்டுவும் லலிதாவும் கராடியில் இருக்கிற தங்கள் ஃபிளாட்டைப் பூட்டிக்கொண்டு அக்காவோடு இங்கேயே வந்து தங்கிவிட்டார்கள். வந்த அன்றைக்கே ருக்மிணி கேட்டாள், "அந்தப் பொம்மை ப்ரோகிராம் இருக்கே, சட்டி மாமா வருவானே, அது இப்போ எங்கயாவது கிடைக்குமாடா?" தனக்கென்று எதையும் கேட்டுப் பழகாதவள். ஓய்வு பெறும்வரை பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்தியவள். உலகத்தில் எந்த ஊரையும் பார்க்கவேண்டும் என்று கேட்டதில்லை, இதைக் கேட்டாள்.

கிட்டு அன்றிலிருந்து தேடினான். நிகழ்ச்சியின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. மராத்தியில், கறுப்பு வெள்ளையில், தலையில் சட்டி வைத்த பொம்மை ஒன்று என்பதற்குமேல் சொல்லத் தெரியவில்லை. மகள் சஹானாதான் ஏதேதோ குழுக்களில் விசாரித்து நேற்று ராத்திரி இந்தத் துண்டை அனுப்பினாள். 'அப்பா, is this it?' என்று கேட்டிருந்தாள். திரையில் அந்தச் சட்டியைக் கண்டதும் கிட்டு பதில் எழுதக்கூட மறந்துபோனான்.

இப்போது திரையில் ஒரு துணி மலை. மலையடியில் ஓர் அட்டை வீடு. ஆர்மோனியம் ஒலித்தது. வலது ஓரத்திலிருந்து உருண்டைக் கண்களோடு, தலையில் சட்டியோடு, தள்ளாடித் தள்ளாடி அவன் வந்தான்.

"வந்துட்டான்" என்றாள் ருக்மிணி.

பொம்மை பேசிற்று. மெல்லிய, இனிமையான ஒரு பெண்குரல். மராத்தியில், பாட்டுப் போல.

ருக்மிணி கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள். சுத்தமான மராத்தியில் வருஷக்கணக்காகப் பாடம் நடத்தியவளின் காது. கேட்கக் கேட்க முகத்திலிருந்த மலர்ச்சி வடிந்துகொண்டே வந்தது.

"ஏண்டா, இவன் தண்ணி கொண்டு வரானாம். கெணத்துலேர்ந்து. பச்சத் தண்ணி."

"ம்."

"சட்டி சுடவே இல்லையா?"

நேற்றே கிட்டுவுக்கும் அது தெரிந்துவிட்டது.

"யாரோ பொம்மனாட்டி பேசறா. இவா யாருடா?" முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "இது இல்லை. மூடு."

அவன் மூடினான்.

* * *

அந்த நிகழ்ச்சியை அவர்கள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பார்த்ததோடு சரி.

அப்பாவுக்குக் கும்பகோணத்திலிருந்து பூனாவுக்கு மாற்றலாகி, இதே வீட்டின் மாடிக்குக் குடிவந்த புதிது. சந்தில் தொலைக்காட்சிப் பெட்டி இருந்தது எதிர்வீட்டு பிடேயிடம் மட்டும்தான். வாரத்தில் ஒரு சாயங்காலம் பொம்மை நிகழ்ச்சி வரும்போது அந்த வீட்டு மாமி, பிடே காகு, வாசலில் நின்று சந்தில் இருக்கிற பிள்ளைகளையெல்லாம் கூப்பிடுவாள். அப்பா விடமாட்டார். "இன்னொருத்தர் ஆத்துக் கூடத்துல போய் உக்காந்துண்டு ஆன்னு வாயைப் பொளந்துண்டு பாக்கப்படாது. நமக்கு வந்தா நாம பாத்துக்கலாம்." நமக்கு எப்போது வரும் என்று கேட்கிற தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை.

ஆனால் வாசல்கதவை ஒட்டிய மாடி கேலரியில் நிற்கக்கூடாதென்று அப்பா சொல்லவில்லை. கேலரிக் கம்பிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றால், குறுகலான சந்துக்கு அந்தப் பக்கம், பிடே வீட்டு ஜன்னல் வழியாகப் பெட்டி தெரியும். முதலில் பெட்டியின் ஓரம் மட்டும் தெரிந்தது. பிறகு ஒரு வாரம் பார்த்தால் பெட்டி முழுதாக ஜன்னலைப் பார்த்துத் திரும்பியிருந்தது. திரைச்சீலையைக் கயிற்றால் இழுத்துக் கட்டியிருந்தார்கள். பிடே காகு அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. இவர்களும் பேசியதில்லை.

படம் வந்தது. சத்தம் வரவில்லை. சந்தின் இரைச்சலில் ஓர் எழுத்துக்கூடக் கேட்காது. கேட்டிருந்தாலும் அப்போது புரிந்திருக்காது. எனவே ருக்மிணி பேசினாள். நரிக்கு ஒரு குரல், கிழவிக்கு ஒரு குரல், ராஜாவுக்கு அப்பாவின் குரல். எல்லாரையும் அவளே பேசினாள். சட்டிக்காரனை மட்டும் தம்பிக்கு விட்டுக்கொடுத்தாள். "நீ ரொம்பப் பேச வேண்டாம். கடைசில வந்து கதவத் தட்டுவான் பாரு, அப்போ சொன்னாப் போறும்."

ஒவ்வொரு வாரமும் கடைசியில் அவன் அந்த அட்டை வீட்டுக் கதவைத் தட்டுவான். கால் மாற்றி மாற்றிக் குதிப்பான். ஏன் குதிக்கிறான்? சட்டி சுடுகிறது, வேறென்ன. கிட்டு மூக்கை விரலால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அடித்தொண்டையிலிருந்து ஒரு தகரக் குரலை எடுத்து விடுவான்.

"கதவத் தொறங்கோ! சட்டி சுடறது!"

கதவு உடனே திறக்காது. ருக்மிணியும் உடனே பதில் சொல்லமாட்டாள். சுடட்டும் என்று அவனைத் தவிக்கவிட்டுவிட்டு, அம்மாவைப் போல இழுத்து இழுத்துச் சொல்வாள்.

"இரு, வரேன். தாப்பா சிக்கிண்டிருக்கு."

அவர்கள் வீட்டு வாசல்கதவின் தாழ்ப்பாள் அப்படித்தான் சிக்கிக்கொள்ளும். கதவை இலேசாகத் தூக்கிப் பிடித்து, பிறகு இழுக்கவேண்டும். இன்றைக்கும் அதே கதவு, அதே தாழ்ப்பாள்.

அப்பா தீபாவளி போனஸில் பெட்டி வாங்கி வந்தபோது அந்த நிகழ்ச்சி நின்று போயிருந்தது. வேறு பொம்மைகள், வேறு கதைகள். சத்தம் வந்துவிட்டது. சத்தம் வந்த கூடத்தில் இருவரும் பேசாமல் உட்கார்ந்து பார்த்தார்கள்.

கிட்டு அதற்குப் பிறகு அதிகம் பேசவேயில்லை என்றும் சொல்லலாம். பள்ளிக்கூடத்தில் அவன் மராத்தியைக் கேட்டுப் பையன்கள் சிரித்தார்கள். பிறகு மீசை அரும்புகிற காலத்தில் குரல் உடைந்தது. அவனுக்கே அது பிடிக்கவில்லை. கடையில், பஸ்ஸில், சொந்தக்காரர்கள் வீட்டில், அவனுக்காகவும் சேர்த்து ருக்மிணியே பேசினாள். லலிதாவைப் பெண் பார்க்கப் போனபோது, "எங்க கிட்டுவுக்குப் பிடிச்சிருக்கு" என்று சொன்னதும் அவள்தான். அவனுக்குப் பிடித்திருந்தது என்பது அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை அவன் கேட்டதில்லை.

* * *

"நீ சொல்லேன்" என்றாள் ருக்மிணி.

கைப்பேசியை மேஜைமேல் வைத்துக்கொண்டிருந்த கிட்டு திரும்பினான். "என்னக்கா?"

"சட்டி மாமா. நீ சொல்லு."

லலிதா கஞ்சிக் கிண்ணத்தோடு உள்ளே வந்தாள். காலையில் வந்து சேர்ந்திருந்த சஹானா ஜன்னலோரம் மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மாலன்பாய் போர்வையை உதறி மடித்துக்கொண்டிருந்தாள். எல்லாரும் அவனையே பார்க்கிற மாதிரி இருந்தது. உண்மையில் யாரும் பார்க்கவில்லை.

"என்ன சொல்லணும்?" என்றாள் லலிதா.

"ஒண்ணுமில்லை" என்றான் கிட்டு.

"ஒன் ஆத்துக்காரருக்கு ஒரு பார்ட் உண்டு. ஒரே லைன்" என்றாள் ருக்மிணி. மூச்சு இரைத்தது. "அதுக்கே கெஞ்சணும்."

"சொல்லுங்கோளேன். ஆசையாக் கேக்கறா."

கிட்டுவுக்குக் காது சூடேறியது. தொண்டைக்குள் அந்தக் குரல் இருக்கிறதா என்று பார்த்தான். இருந்தது. மூக்கைப் பிடித்துக்கொண்டால் வந்துவிடும். ஐம்பது தாண்டிய மனுஷன், பாங்கில் மேனேஜர், மனைவிக்கும் மகளுக்கும் முன்னால் மூக்கைப் பிடித்துக்கொண்டு.

"அப்பறம் சொல்றேன்க்கா. கஞ்சியைக் குடி முதல்ல."

ருக்மிணி அவனைப் பார்த்தாள். கோபமோ வருத்தமோ அந்தப் பார்வையில் இல்லை. கேலரியில் நின்று, கதவு திறக்கப்போகிறது என்று தெரிந்துகொண்டே பார்ப்பாளே, அப்படிப் பார்த்தாள்.

"ம். அப்பறம்" என்றாள்.

கஞ்சி இரண்டு ஸ்பூன் உள்ளே போயிற்று. மூன்றாவது கடைவாயில் வழிந்தது. லலிதா துடைத்தாள். ருக்மிணி கண்ணை மூடிக்கொண்டாள். தூங்குகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

* * *

மத்தியானத்துக்குமேல் மூச்சு மாறிவிட்டது. மாலன்பாய்தான் முதலில் கண்டுபிடித்தாள். பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் எதற்கோ உள்ளே வந்து, சற்று நேரம் நின்று கேட்டுவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு கட்டிலருகே போய் உட்கார்ந்தாள். "தாயீ, டோளே உகடா", அக்கா, கண்ணைத் திறங்கள் என்று மராத்தியில் சொல்லிக் கன்னத்தைத் தட்டினாள். கண் திறக்கவில்லை. மாலன்பாய் கிட்டுவைப் பார்த்துத் தலையை மெதுவாக அசைத்தாள்.

கட்கியிலிருந்து ஜம்புநாதன் வந்து சேர்ந்தார். பெரியப்பா பிள்ளை. ராணுவக் கணக்கு இலாகாவில் இருந்து ரிடையர் ஆனவர். குடும்பத்தில் யார் காரியமானாலும் முன்னால் நிற்பவர். படியேறிய மூச்சு அடங்குவதற்குள் பையிலிருந்து கங்கைச் செம்பை எடுத்தார்.

"எப்போலேர்ந்து இப்படி?"

"இப்போதான்" என்றாள் லலிதா. அழுதுகொண்டிருந்தாள்.

"கீழ எறக்கிடலாம். பாயைப் போடு. தலை தெக்க இருக்கட்டும். சஹானா, வெளக்கேத்தும்மா. கிட்டு, நீ இப்படி வா."

ருக்மிணியை இறக்கினார்கள். இறக்குவதற்கு இத்தனை பேர் வேண்டியிருக்கவில்லை. ஜம்புநாதன் ஸ்பூனால் தீர்த்தத்தை உதட்டில் விட்டார். அது உள்ளே போகவில்லை. மாலன்பாய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"காதுல சொல்லணும். அவளுக்குப் புள்ளை இல்லை, நீதான் சொல்லணும்" என்றார். "வலது காது. ராமா ராமான்னு சொன்னாலும் போறும். ஒனக்கு மந்திரமெல்லாம் வராதுன்னு எனக்குத் தெரியும்."

கிட்டு குனிந்து உட்கார்ந்தான்.

"வாயத் தொறந்து சொல்லுடா. மனசுக்குள்ள சொன்னாக் கணக்குல வராது. சத்தமாவும் வேண்டாம். அவளுக்கு மட்டும் கேட்டாப் போறும். மத்தவா கேக்கப்படாது."

அக்காவின் காது சில்லென்றிருந்தது. தோடு கழற்றிய துளை ஒரு கோடாக நீண்டு கிடந்தது. ஒற்றை நரைமயிர் காதின்மேல் விழுந்திருந்தது, அதை ஒதுக்கினான். ராமா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தான். அது வரவில்லை.

தோளில் கிடந்த துண்டை இழுத்து முகத்தை மறைத்துக்கொண்டான். துண்டுக்குள் விரலால் மூக்கை இறுக்கிப் பிடித்தான். பின்னால் லலிதா விம்மியது கேட்டது. அவன் அழுவதாக அவள் நினைத்திருப்பாள்.

முதலில் வெறும் காற்றுதான் வந்தது. இருமலைப்போல ஒன்று. மறுபடி முயன்றான். எங்கோ அடியிலிருந்து, துருப்பிடித்து, நசுங்கி, அந்தத் தகரக் குரல் வந்தது.

"கதவத் தொறங்கோ... சட்டி சுடறது."

சொல்லிவிட்டுக் காத்திருந்தான். அவள் எப்போதும் உடனே பதில் சொல்லமாட்டாள்.

கீழே சந்தில் ஒரு ரிக்ஷா ஹாரன் அடித்துக்கொண்டே போயிற்று. விளக்கின் திரி படபடத்தது. அவன் காதோடு வாய் வைத்தபடியே இருந்தான். அவள் கழுத்தருகே ஏதாவது அசைகிறதா என்று பார்த்தான். இன்னொரு தடவை சொல்லலாமா என்று நினைத்தான். சொல்லக்கூடாது. விளையாட்டில் அது கிடையாது. ஒருதரம்தான் தட்டவேண்டும்.

நிமிர்ந்தபோது மாலன்பாய் அக்காவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. அந்தக் கை பாய்மேல் வைக்கப்பட்டிருந்தது. எப்போது வைத்தாள்? அவன் குனிவதற்கு முன்பா, பின்பா? மாலன்பாயின் முகத்தைப் பார்த்தான். கேட்பதற்கு மராத்தி தெரியும். கேட்கவில்லை. அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள்.

"சொன்னியா?" என்றார் ஜம்புநாதன்.

"சொன்னேன்."

"போறும். புண்ணியவதி. நாமம் காதுல விழுந்துண்டே போனா." மேல்துண்டால் மூக்கைச் சிந்தினார். "நீ வாயத் தொறக்கணும்னு காத்துண்டிருந்தா போல இருக்குடா."

* * *

வெளிச்சம் இருக்கும்போதே எடுத்துவிட்டார்கள். அவளிடம் படித்தவர்கள் நாலைந்து பேர் எங்கிருந்தோ சேதி தெரிந்து வந்திருந்தார்கள். இப்போது அவர்களுக்கே நரைத்திருந்தது. ஒருத்தி குனிந்து காலைத் தொட்டுவிட்டு, பிரேஸில் எந்தக் கண்டம் என்று தெரியாமல் தான் வாங்கிய அடியைப் பற்றி மராத்தியில் யாரிடமோ சொல்லிச் சிரித்து, சிரித்துக்கொண்டே அழுதாள்.

நெருப்புச் சட்டியைக் கயிற்று உறியில் வைத்துக் கிட்டுவின் கையில் கொடுத்தார் ஜம்புநாதன்.

"ஆட்டாம எடுத்துண்டு வா. மரப்படி. பாத்து."

கிட்டு முன்னால் இறங்கினான். பின்னால் அக்காவைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒவ்வொரு படியிலும் சட்டி முழங்காலுக்கருகே வந்து ஆடிற்று. வேட்டியைத் தாண்டிச் சூடு அடித்தது. சந்துக்கு வந்ததும் அவனை அறியாமல் எதிரே நிமிர்ந்து பார்த்தான். பிடே வீடு இருந்த இடத்தில் கூரியர் கம்பெனியின் ஷட்டர் இறங்கியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

வண்டிக்குள் சட்டியைக் காலருகே வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். நதியோரத்து மயானத்துக்கு லக்ஷ்மி ரோடு வழியாகப் போகமுடியாது, சுற்றிக்கொண்டு போகவேண்டும் என்றான் டிரைவர். ஒவ்வொரு சிக்னலிலும் நின்று நின்று போயிற்று. சட்டியிலிருந்து எழுந்த புகை அவன் முகத்தையே தேடி வந்தது.

"சுடறதாடா?" என்றார் பக்கத்திலிருந்த ஜம்புநாதன். "சுட்டா சொல்லு. சாக்கை மடிச்சுக் கீழ போட்டுக்கலாம்."

கிட்டு வாயைத் திறந்தான். பிறகு இல்லை என்று தலையாட்டினான்.

சட்டி சுட்டுக்கொண்டுதான் இருந்தது. அவன் காலை நகர்த்தவில்லை.

* * *

திரும்பி வந்தபோது விளக்கு வைக்கிற நேரம். மயானத்துக் குழாயடியில் குளித்த ஈரம் உடம்பிலேயே பாதி காய்ந்திருந்தது. ஜம்புநாதன் கீழேயே நின்று, நாளைக்குக் காலையில் வருகிற வாத்தியாருக்கு ஃபோன் பேசிக்கொண்டிருந்தார். கிட்டு மட்டும் படியேறினான். இப்போது கையில் ஒன்றுமில்லை. கையை எப்படி வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

வாசல்கதவு சாத்தியிருந்தது. உள்ளே வீட்டைக் கழுவிவிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவிடுக்கு வழியே தண்ணீர் கசிந்து வாசற்படியில் கோடாக இறங்கியது. கால் கழுவ ஒரு பக்கெட் தண்ணீர் வெளியே வைத்திருந்தது. கழுவிக்கொண்டான். பிறகு கதவை விரல்கணுவால் தட்டினான். ஒருதரம்.

உள்ளே துடைப்பச் சத்தம் நின்றது.

"யாரு? அப்பாவா?"

சஹானாவின் குரல். ஈர வேட்டி முழங்காலில் ஒட்டிக்கொண்டது. சட்டியின் சூடு பட்ட இடம் இப்போதுதான் எரிய ஆரம்பித்திருந்தது. காலை மாற்றி நின்றான்.

இரும்பு உராய்ந்தது. கதவு ஒருமுறை அதிர்ந்து நின்றது. மறுபடி அதிர்ந்தது.

"இருப்பா, வரேன்" என்றாள் உள்ளேயிருந்து. "இந்தத் தாப்பா... என்னமோ சிக்கிண்டிருக்குப்பா."

கதவை இலேசாகத் தூக்கிப் பிடித்து, பிறகு இழுக்கவேண்டும். சொன்னால் போதும், திறந்துவிடுவாள்.

கிட்டு சொல்லவில்லை. கேலரிக் கம்பியின்மேல் கையை வைத்துக்கொண்டு நின்றான். உள்ளே அவள் தாழ்ப்பாளோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.